கண்கள் பலவிதம் – 9: காளைக்குச் சிவப்பு பனியன் தெரியுமா?

தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். மதுரையைச் சுற்றி நடக்கும் இந்த ஜல்லிக்கட்டுகளில் மாடுபிடி வீரர்கள் எண் பொறித்த பனியனோடு இறங்குகிறார்கள். சுற்றுக்குச் சுற்று நிறம் மாறும். யார் எத்தனை மாடு பிடித்தார் என்று கணக்கு வைக்கவும், தன் சுற்று முடிந்தும் களத்தைவிட்டு நகராதவரை வெளியேற்றவும் இந்த ஏற்பாடு. அதாவது, நிறம் விழாக் குழுவின் கண்ணுக்காக. சிவப்பைக் கண்டால் காளை சீறும் என்ற பேச்சு மட்டும் வாடிவாசலைச் சுற்றி ஓய்ந்தபாடில்லை.

மனித விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகை. மாட்டுக்கு இரண்டுதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜெரால்ட் ஜேக்கப்ஸ் குழுவினர் 1998-இல் மாடு, வெள்ளாடு, செம்மறி ஆகியவற்றின் கண்களை அளந்து இதை உறுதிசெய்தார்கள். வெவ்வேறு அலைநீள ஒளியை மினுக்கிக் காட்டி, அதற்கு விழித்திரை தரும் மின்துடிப்பைப் பதிவுசெய்வது அவர்கள் முறை. ஒரு வகைக் கூம்பு 444 முதல் 455 நானோமீட்டர் வரையிலான நீலத்திலும், மற்றது 552 முதல் 555 வரையிலான மஞ்சள் கலந்த பச்சையிலும் உச்ச உணர்வு காட்டின. சிவப்புக்கென்று தனிக் கூம்பு இல்லை. அதனால் சிவப்பு பனியன் கண்ணுக்கே படாமல் போய்விடாது. மங்கலாக, இருண்டு தெரியும். பச்சை, ஆரஞ்சு, சிவப்பு மூன்றும் மாட்டுக்கு ஏறக்குறைய ஒரே சாயல், வெளிச்சத்தில் மட்டும் ஏற்றத்தாழ்வு. நீலமும் மஞ்சளும் பளிச்சென்று பிரிந்து தெரியும். மாட்டுக்கு உலகமே கறுப்பு வெள்ளை என்பதும் கட்டுக்கதைதான்.

மான்களின் கதையும் இதுவே. அதே ஆய்வாளர்கள் 1994-இல் அமெரிக்க வெண்வால் மானையும் டாமா மானையும் சோதித்திருந்தார்கள்; அவற்றுக்கும் இரண்டே கூம்புகள். இந்தியாவில் மான் வேட்டைக்குச் சட்டத்தில் இடமில்லை. அமெரிக்காவில் உரிமம் பெற்று வேட்டைக்குப் போகிறவர்களைப் பல மாநிலங்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு உடை அணியச் சொல்கின்றன. இன்னொரு வேட்டைக்காரரின் துப்பாக்கியிலிருந்து தப்பிக்கத்தான் அது. மானுக்கு அந்த ஆரஞ்சு காட்டின் நிறத்தோடு கலந்துபோகும். சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. மானின் விழிலென்ஸ் மனித லென்ஸைப் போலப் புறஊதா ஒளியை முழுக்கத் தடுப்பதில்லை. சலவைத்தூளில் சேர்க்கும் வெளுப்பூட்டிகளோ புறஊதாவை உறிஞ்சி நீல ஒளியாக உமிழ்பவை. துவைத்த உடை, மானின் கண் நன்றாக உணரும் நீலத்தில் விடியற்காலையில் மின்னும். விவரம் தெரிந்த வேட்டைக்காரர்கள் வெளுப்பூட்டி கலக்காத சோப்பைத் தேடி வாங்குகிறார்கள்.

காளையின் சினத்துக்கும் சிவப்புக்கும் முடிச்சுப்போட்டது ஸ்பெயினின் காளைச் சண்டை. அங்கேயே முதல் கட்டங்களில் ஆடும் பெரிய துணி அடர் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும். காளை அதன் மீதும் அதே வேகத்தில்தான் பாய்கிறது. சிறிய சிவப்புத் துணி வருவது கடைசிக் கட்டத்தில். ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற உளவியலாளர் 1923-லேயே மாடுகளுக்கு முன் பல நிறக் கொடிகளைக் காட்டிப் பார்த்து, சிவப்புக்கென்று தனிச் சினம் இல்லை, வெளிச்சமும் அசைவுமே அவற்றைக் கிளறுகின்றன என்று எழுதினார். உலகம் தலைகீழாகத் தெரியும் லென்ஸை நாள்கணக்கில் மாட்டிக்கொண்டு திரிந்தவரும் இவர்தான்!

வாடிவாசலில் நடப்பது இதற்கு ஒத்துப்போகிறது. மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறத்தாழ 330 பாகை அதன் பார்வைக்குள் வரும். நேர் பின்னால் மட்டும் மறைவு. ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து தூரத்தைக் கணிக்கும் பரப்பு முன்னால் குறுகியது. பக்கத்தில் எது அசைந்தாலும் தெரியும். எவ்வளவு தூரம் என்பது சரியாகப் பிடிபடாது. நிழலான தொழுவத்திலிருந்து வெயிலுக்குள் பாய்ந்த கணத்தில் கண் கூசும், சுற்றிலும் கைகள் வீசும். நின்று விளையாடும் காளை தலையைத் திருப்புவது எந்தப் பனியன் அசைகிறதோ அந்தப் பக்கம். கீழே விழுந்தவனை அசையாமல் படுத்துக்கொள்ளச் சொல்வதும் இதனால்தான்.

உடையின் நிறத்தை மாடு பொருட்படுத்தும் இடமும் ஒன்று உண்டு. டென்மார்க்கில் லேனே முங்க்ஸ்கார்ட் குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், வெவ்வேறு நிற உடையில் வந்த ஆட்களைப் பால்மாடுகள் பிரித்தறிந்து, முரட்டுத்தனமாக நடத்தியவரிடமிருந்து தள்ளி நின்றன. நிறம் அங்கே ஆளின் அடையாளம். வீட்டில் காளையை மண் குத்தவும் பாயவும் பழக்கும்போது அதைச் சீண்டுகிறவர் தினமும் ஒரே நிறத்தில் வந்தால், களத்தில் அந்த நிறத்தின் மேல் காளைக்குத் தனிக் கண் இருக்கலாம். அது நீலமாகவோ மஞ்சளாகவோ இருந்தால் காளைக்குப் பிரித்தறிவது இன்னும் எளிது.

(தொடரும்)