உஷார்! காசநோயில் முதல் இரண்டு மாதம்

காசநோய் என்று ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் சொல்லிக்கொள்வது ஒன்றுதான்: "ஆறு மாசம் மாத்திரை போட்டா சரியாயிடும்." பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். ஆனால் காசநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர், சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே இறந்துவிடுகிறார்கள். மாத்திரை கைக்கு வரும் முன்பே உடம்பு அவ்வளவு உருகிப்போயிருக்கிறது.

அந்த ஆபத்தை முதல் நாளே கண்டுபிடித்துவிடலாம் என்பதுதான் நாம் அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் பிழைப்பாரா என்று கணிக்க 1985 முதல் புழக்கத்தில் உள்ள 'அபாச்சி-2' முறைக்கு, ரத்தப் பரிசோதனை உட்பட 12 அளவுகள் வேண்டும். காசநோய்க்கு எடை மெஷின், உயரம் பார்க்க டேப், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் போதும்.

2022-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் பார்ப்பது இவற்றைத்தான். உடல் நிறை குறியீடு 14 அல்லது அதற்கும் கீழே இருக்கிறதா? 160 செ.மீ. உயரமுள்ளவர் 36 கிலோகூட இல்லை என்றால் அந்த நிலைதான். 14.9 வரை இருந்து இரண்டு கால்களும் வீங்கியிருந்தாலும் ஆபத்தே. நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா? ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே போகிறதா? பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியவில்லையா? ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். உடனே அட்மிஷன்தான்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஏறத்தாழ 56 ஆயிரம் நோயாளிகளின் விவரங்களை வைத்து உருவாக்கிய கணிப்பு முறை, 2025-ல் இந்தத் திட்டத்தில் சேர்ந்தது. நிலைமை மோசமாக இருப்பவர்களுக்கு அது காட்டும் மரண வாய்ப்பு 10 முதல் 50 சதவீதம். மற்றவர்களுக்கு 1 முதல் 4. அந்த 50-ஐக் கேட்டதும் "இனி என்ன செய்ய" என்று கைவிட்டுவிடாதீர்கள். யாரை முதலில் படுக்கையில் சேர்க்க வேண்டும் என்று சொல்லத்தான் அந்த எண்.

இரண்டு விஷயங்களில் கூடுதல் கவனம் வேண்டும். மூச்சை எண்ணும்போது நோயாளி உட்கார்ந்து ஓய்வெடுத்திருக்க வேண்டும். முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஆக்ஸிமீட்டர் மாட்டும் விரலில் நெயில் பாலிஷ் கூடாது. அடுத்தது சாப்பாடு. எலும்பும் தோலுமாக இருப்பவரை 'தேற்றுகிறோம்' என்று ஆட்டுக்கால் சூப்பும் பிரியாணியுமாகத் திடீரென்று ஊட்டினால், ரத்தத்தில் பாஸ்பரசும் பொட்டாசியமும் சரிந்து இதயமே தடுமாறலாம். எவ்வளவு, எப்போது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

பல்லாவரம், பம்மல், பெருங்களத்தூர் பக்கம் பலரும் முதலில் போவது தெருமுனை கிளினிக்குக்குத்தான். இந்தப் பரிசோதனையோ அரசு மருத்துவமனைகளுக்கு வரும் நோயாளிகளை வைத்துத் தொடங்கியது. எனவே தனியாரிடம் நோய் உறுதியானால் வாய்விட்டுக் கேளுங்கள்: "டாக்டர், எடை, மூச்சு, ஆக்ஸிஜன் மூணும் பார்த்தீங்களா? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?" 1928-ல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் இன்றும் அரசு நெஞ்சக மருத்துவமனையாகப் பக்கத்திலேயே இருக்கிறது. நிற்க முடியாதவரை பஸ்ஸிலோ மின்சார ரயிலிலோ ஏற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். காசநோய் பற்றிய சந்தேகங்களுக்கு இலவச எண் 1800-11-6666.