உங்களுக்குத் தெரியுமா? கட்டடத்துக்கு ஏசி போடும் முன்…

வீட்டுப் படுக்கையறைக்கு ஏசி வாங்குவது ஒரு சாயங்கால வேலை. கடைக்குப் போய் விலை பேசினால் மறுநாள் வந்து மாட்டிவிடுவார்கள். ஜவுளிக்கடை, கிளினிக், அலுவலகம், கல்யாண மண்டபம் என்று வரும்போது கதையே வேறு. ஒருமுறை போட்டுவிட்டால் பதினைந்து, இருபது வருடம் அதற்கு ஈ.பி. பில் கட்டியாக வேண்டும். கட்டடம் எழுப்பப் போகிறவர்களும், பழைய ஏசியை மாற்றப் போகிறவர்களும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகள் இங்கே.

● ஏசிக்காரர்கள் சொல்லும் ‘டன்’ பனிக்கட்டியிலிருந்து வந்தது. 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன் திறன். இன்றைய அளவில் சுமார் 3.5 கிலோவாட். அறையிலிருந்து ஏசி வெளியேற்றும் வெப்பத்தின் அளவு இது. நல்ல இயந்திரமானால் இதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் மின்சாரம் இழுக்கும்.

பனிக்கட்டி கப்பலில் வந்த காலத்தின் சாட்சி சென்னை மெரினா எதிரே இன்னும் நிற்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிப்பாளங்களைச் சேமித்து வைக்க, பனிக்கட்டி வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் அது. 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இப்போது அது விவேகானந்தர் இல்லம்.

● 1902-இல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த முதல் நவீன ஏசி, மனிதர்களின் புழுக்கத்துக்காக உருவானதில்லை. நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகம். ஈரக் காற்றில் காகிதம் விரிவதும் சுருங்குவதுமாக இருக்க, ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காரவில்லை. காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தக் கண்ட வழிதான் ஏசி. சிவகாசியில் ஆப்செட் இயந்திரம் ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தலைவலியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

● அந்த ஈரம்தான் இன்றும் பாதிப் பிரச்சினை. தேவைக்கு மேல் பெரிய ஏசி போட்டால் என்ன ஆகும்? ஐந்து நிமிடத்தில் அறை குளிர்ந்துவிடும், கம்ப்ரஸர் நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரம் காயிலில் படிந்து வடிவதற்கு அந்த நேரம் போதாது. அறை ஜில்லென்று இருக்கும், ஆனால் பிசுபிசுக்கும். மாதம் இரண்டு போனால் ஃபால்ஸ் சீலிங்கில் பூஞ்சை வாடை அடிக்கும். ‘எதற்கும் இருக்கட்டும், இன்னும் பத்து டன் சேர்த்துப் போடுங்கள்’ என்று சொல்லாதீர்கள். கடலோர ஊர்களில் அந்தப் பத்து டன்னும் கெடுதலே செய்யும்.

● பேசிக்கொண்டும் நடந்துகொண்டும் இருக்கும் ஒரு மனிதர் வெளிவிடும் வெப்பம் சுமார் 130 வாட். 500 பேர் கூடினால் 65 கிலோவாட், அதாவது பதினெட்டரை டன். விளக்கு, கூரை, கண்ணாடி, சமையல் எதுவும் இதில் சேரவில்லை; வெறும் மனித உடம்பின் சூடு மட்டும்.

இதை நான் கண்ணால் கண்டது உறவினர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில். வைகாசி மாதம், புது மண்டபம், ‘ஃபுல் ஏசி’ என்று வாசலில் பெரிய பலகை. முதல் நாள் மாலை வரவேற்பு தொடங்கும்வரை கூடம் குளுகுளுவென்றுதான் இருந்தது. மறுநாள் முகூர்த்த நேரம். ஐந்நூறுக்கும் மேல் ஆட்கள், ஹோமம் வேறு. புகை மேலே போய் ஃபால்ஸ் சீலிங்கின் அடியில் முட்டி, போக வழி இல்லாமல் அப்படியே கீழே இறங்கியது. கெட்டிமேளம் கொட்டும்போது பெண்ணின் நெற்றிக் குங்குமம் வியர்வையில் மூக்கு வரை வழிந்திருந்தது. தாய்மாமன் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார். பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, பாத்திரம் எண்ணிக்கொண்டிருந்த நாலு பேருக்குக் குளிர் தாங்கவில்லை!

விசாரித்தபோதுதான் தெரிந்தது, மண்டபத்துக்காரர் சதுர அடியை மட்டும் கணக்கில் எடுத்திருக்கிறார். இத்தனை சதுர அடிக்கு ஒரு டன் என்ற வாய்க்கணக்கு. அது அலுவலகத்துக்கே ஓரளவுதான் பொருந்தும். மண்டபத்துக்கும் தியேட்டருக்கும் ஆள் கணக்குதான் முதல் கணக்கு. அந்த ஐந்நூறு பேர் மூச்சுவிட உள்ளே கொண்டுவரும் வெளிக்காற்றைக் குளிர்விக்கவும், உலர்த்தவும் ஏறத்தாழ இன்னொரு பதினெட்டு டன் வேண்டும். ஹோமப் புகைக்கு மணமேடைக்கு மேலே தனி எக்ஸாஸ்ட் வேண்டும். கட்டும்போதே ஒரு ஓட்டை விட்டிருந்தால் போதும். சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்கும்.

● எந்தக் கட்டடத்துக்கு எது? நாலைந்து அறை உள்ள கிளினிக்குக்கு ஸ்பிளிட். தூண் இல்லாத கடைக்கூடத்துக்கு, கூரையில் பதிக்கும் கேசட் அல்லது குழாய் வழியே காற்றை அனுப்பும் டக்டபிள். அறைக்கு அறை வேறு வேறு நேரத்தில் ஆட்கள் வந்து போகும் ஓட்டல், அலுவலகம் என்றால் வி.ஆர்.எஃப். சில நூறு டன் தாண்டினால், தண்ணீரைக் குளிர்வித்துக் குழாயில் அனுப்பும் சில்லர். இது பொதுவான வழக்கம்தான், கட்டாயம் இல்லை.

● வி.ஆர்.எஃப்., வி.ஆர்.வி. இரண்டும் ஒன்றா? ஆமாம். 1982-இல் இதை ஜப்பானில் அறிமுகப்படுத்திய டைகின் நிறுவனம் ‘வி.ஆர்.வி.’ என்ற பெயரைப் பதிவு செய்துகொண்டதால், மற்றவர்கள் வி.ஆர்.எஃப். என்கிறார்கள். ஓர் அவுட்டோர் யூனிட்டிலிருந்து பல அறைகளுக்கு கேஸ் போகும். எந்த அறைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும். ஒரு எச்சரிக்கை: குழாயில் ஓட்டை விழுந்தால் மொத்த கேஸும் ஒரு சின்ன அறையில் நிறையலாம். அந்த அறையின் அளவுக்கு அது தாங்குமா என்பதை வடிவமைப்பவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

● சில்லரின் திறனை மதிப்பிடப் பரவலாகப் பயன்படும் ஓர் அளவுகோலில், முழுச் சுமையில் ஓடும் நேரத்துக்குக் கொடுக்கும் மதிப்பு வெறும் 1 சதவீதம்! முக்கால் சுமைக்கு 42, பாதிச் சுமைக்கு 45, கால் சுமைக்கு 12. ஆகவே ‘முழு லோடில் எவ்வளவு மின்சாரம்?’ என்று மட்டும் கேட்டு வாங்குவது, கார்த்திகை மாத மழையை மட்டும் பார்த்து வருடம் முழுக்கக் குடை பிடிப்பது போல. பாதி லோடில் எவ்வளவு என்று கேளுங்கள். விலைப்பட்டியலில் இரண்டு இயந்திரங்கள் வித்தியாசப்படுவது அங்கேதான்.

● ஃபேனின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் அது எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மின்சாரம் ஏறி இறங்கும் என்பதே காரணம். பழைய கட்டடத்தில் ஏசியையே மாற்ற வசதியில்லாதவர்கள், காற்றைத் தள்ளும் பெரிய ஃபேன்களுக்கு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. கருவி போட்டுப் பார்க்கலாம்.

● தண்ணீரால் குளிரும் சில்லர் ஒரு டன்னுக்குச் சுமார் 0.6 கிலோவாட் எடுக்கும். காற்றால் குளிருவது ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு எடுக்கும். பம்ப், சூடான நீரை ஆற்றும் கூலிங் டவர் ஆகியவற்றின் மின்சாரத்தைச் சேர்த்தாலும் தண்ணீர் சில்லருக்குத்தான் பில் குறைவு. இவ்வளவையும் காகிதத்தில் பார்த்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதையே போட்டார்கள்.

ஆனால், 100 டன் சில்லர் பத்து மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் கூலிங் டவரில் ஆவியாகும் தண்ணீர் சுமார் 6,000 லிட்டர். உப்பு சேராமலிருக்க வெளியேற்றும் தண்ணீரையும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு 9,000 லிட்டர் டேங்கர் லாரி. சென்னையின் 2019 கோடையை நினைத்துப் பாருங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தன. ஓ.எம்.ஆரில் சில ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. குடிக்கவே லாரியை எதிர்பார்த்த ஊரில் மொட்டைமாடியில் தண்ணீரை ஆவியாக்குவது எப்படிச் சரியாகும்?

என் கருத்து இதுதான்: சுத்திகரித்த கழிவுநீர் உறுதியாகக் கிடைத்தால் தண்ணீர் சில்லர் போடுங்கள். போர்வெல்லையும் லாரியையும் நம்பி என்றால் வேண்டாம். மின்சாரம் கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் காற்றுச் சில்லரே மேல்.

● ஏசி தண்ணீரைத் தருவதும் உண்டு. சென்னையின் ஈரக் காற்றில் 100 டன் ஏசி ஒரு நாளில் 1,000 லிட்டருக்கு மேல் சொட்டிவிடும். உப்பில்லாத, குளிர்ந்த தண்ணீர். கூலிங் டவருக்கோ கழிப்பறைக்கோ திருப்பி விடலாம். துபாயின் புர்ஜ் கலிஃபாவில் இதைச் சேமித்துச் செடிகளுக்குப் பாய்ச்சுகிறார்கள். நம்மூரில் பெரும்பாலும் சாக்கடைக்குப் போகிறது.

● சாதாரண ஸ்பிளிட்டும் கேசட்டும் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கின்றன. மத்தியானம் மூன்று மணிக்கு ஆபீஸில் கண் சொக்குவதற்குச் சாப்பாட்டை மட்டும் குறை சொல்லக்கூடாது. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகர உணவகம் ஒன்றில், அடுத்தடுத்த மூன்று மேசைகளில் இருந்த மூன்று குடும்பங்களைச் சேர்ந்தவர்களில், ஏற்கெனவே தொற்றோடு வந்த ஒருவரையும் சேர்த்து 10 பேருக்குக் கொரோனா கண்டறியப்பட்டது. ஏசி அதே காற்றை அந்த மேசைகளுக்கு இடையே சுழற்றிக்கொண்டிருந்தது. கொட்டேஷனில் விலையைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது இந்த வெளிக்காற்று ஏற்பாடுதான். அதில் கை வைக்க விடாதீர்கள். பள்ளி, டியூஷன் சென்டர், கிளினிக் நடத்துகிறவர்களைக் கெஞ்சியே கேட்கிறேன்.

● 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், ஓட்டல் ஒன்றில் நடந்த முன்னாள் ராணுவ வீரர்கள் சங்கத்தின் மாநாட்டைத் தொடர்ந்து 221 பேர் நோயுற்று 34 பேர் இறந்தனர். அந்தச் சங்கத்தின் பெயராலேயே ‘லெஜியோனெல்லா’ என்று பின்னால் பெயரிடப்பட்ட பாக்டீரியா காரணம். பராமரிக்காத கூலிங் டவர் நீரில் அது செழித்து வளரும். திவலையோடு காற்றில் பரவும். கூலிங் டவரைக் கழுவும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

● ஹைதராபாத் போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் ஒரே கட்டடத்தை இரண்டு பாதியாகப் பிரித்தது. ஒரு பாதியில் வழக்கமான ஏசி. மறு பாதியில் தளத்துக்குள் குழாய் பதித்துக் குளிர்ந்த நீரை ஓட்டும் முறை. இரண்டாவது பாதிக்குக் குளிரூட்டும் மின்சாரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஈரத்தைத் தனியாக எடுக்காவிட்டால் தளம் வியர்த்துவிடும் என்பதால், கடலோரத்தில் இதைச் செய்ய நல்ல நிபுணர் வேண்டும்.

● இரவில் குளிர்ச்சியைத் தயாரித்துச் சேமித்து, பகலில் செலவழிக்கலாம். சென்னை தரமணி டைடல் பார்க்கில் இந்த ஏற்பாடு உண்டு. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியிலோ ஒரே நிலையத்திலிருந்து பல கட்டடங்களுக்குக் குழாய் வழியே குளிர்நீர் போகிறது.

● கேஸ் விஷயம். ஆர்-22 போன்ற வாயுக்களை வைத்துப் புதிய இயந்திரம் தயாரிப்பது 2025 முதல் இந்தியாவில் நிறுத்தப்பட்டுவிட்டது. புவியை வெப்பமாக்கும் திறனில் கார்பன் டை ஆக்சைடை 1 என்று வைத்தால், ஆர்-410ஏ 2,088; ஆர்-32 வெறும் 675. ஆர்-32 இலேசாகத் தீப்பற்றக்கூடியது என்பதால் பயிற்சி பெற்றவர்தான் கை வைக்க வேண்டும். இந்தியா 2047-க்குள் ஆர்-410ஏ, ஆர்-32 வகை வாயுக்களை 85 சதவீதம் குறைக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. இன்று வாங்கும் இயந்திரத்துக்குப் பத்து வருடம் கழித்து கேஸ் கிடைக்குமா என்பதும் ஒரு கேள்வி.

● மேற்கே பார்த்த கண்ணாடிச் சுவர் அழகுதான். சாயங்காலம் நாலு மணிக்கு அதன் அருகே உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடியைக் குறைத்து வெளியே நிழல் கட்டினால், சில டன் ஏசியை வாங்காமலே தப்பிக்கலாம்.

● ஏசியை ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி வருவதற்கும் அதுவே காரணம். கூடவே மின்விசிறியைச் சுழலவிட்டால் 26 டிகிரியும் சுகமாகவே இருக்கும்.

● அவுட்டோர் யூனிட்டுக்கு ஓர் இடம் வேண்டும். அதைப் பழுது பார்க்கும் ஆளுக்கும் ஓர் இடம் வேண்டும். நாலாவது மாடியில் ஒரு கால் சன்ஷேடிலும் ஒரு கால் காற்றிலுமாக, இடுப்பில் கயிறுகூட இல்லாமல் ஒருவர் ஸ்பேனர் பிடிப்பதை எத்தனை கட்டடங்களில் பார்க்கிறோம்! இரண்டடி அகலத்தில் கைப்பிடியோடு ஒரு மேடை. வரைபடத்திலேயே அது இருக்க வேண்டும். யூனிட்டுகளை ஒரு சந்துக்குள் அடுக்கினால் ஒன்று துப்பும் சூட்டை மற்றொன்று இழுக்கும், பில்லும் ஏறும். கடற்கரை ஓரமானால் உப்புக் காற்றுக்கும், கூவம் ஓரமானால் செம்பைக் கருக்கும் சாக்கடை வாயுவுக்கும் தாங்கும் பூச்சுள்ள காயில் கேளுங்கள்.

● கடைசியாக ஒன்று. கொட்டேஷன் வாங்கும் முன் ‘ஹீட் லோடு’ கணக்குத் தாளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எத்தனை ஆட்கள், எந்தத் திசையில் எவ்வளவு கண்ணாடி, எவ்வளவு வெளிக்காற்று என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.