இரண்டு கிலோ விதைக்கடன்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நெல்லோடு உறவு கிடையாது, அரிசியோடுதான் உறவு. கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலப் பக்கம் இறங்கும்போது பள்ளத்தில் கிராமத்து வயல்கள் தெரியும். பஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்போமே தவிர, அந்த வரப்பில் கால் வைத்தவர்கள் எங்களில் குறைவு. இத்தனைக்கும் தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் என்று நெல்லும் தினையும் விளைந்த சீமைகளிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். வந்த இடத்தில் முதலில் கோப்பி, பிறகு தேயிலை. அரிசியைத் தோட்டமே கொடுத்தது, கொடுத்ததைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. அதில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் இலங்கை முழுவதும் அரிசிக்குப் பங்கீடு வந்தது. 1973, 74இல் உணவு தட்டுப்பட்டபோது தோட்டங்களில் பட்டினிச் சாவே விழுந்தது. விளைவிக்கிற கையும் உண்ணுகிற வாயும் பிரிந்துபோனால் என்ன நடக்கும் என்று மலையகத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

டிசம்பர் மாதம் வந்தால் திருவாரூர் மாவட்டத்து விவசாயி ஒருவரை இங்கே இருந்துகொண்டு நினைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். நெல் ஜெயராமன் 2018 டிசம்பர் 6ஆம் தேதி சென்னையில் காலமானார். வயது ஐம்பது. இரண்டு வருடத்துக்குக் கிட்ட புற்றுநோயோடு போராடியிருந்தார்.

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் கட்டிமேடு அவர் ஊர். பெரிய பண்ணை வீட்டுப் பிள்ளை அல்ல. பொதுவாழ்வில் அவர் முதலில் நுழைந்த வாசலும் வயல் அல்ல, நுகர்வோர் இயக்கம். கலப்படம், எடை, விலை, உணவில் நஞ்சு என்று சாப்பிடுகிறவனின் பக்கம் நின்று கேள்வி கேட்கத் தொடங்கியவர், அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போய் வயலில் இறங்கினார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் அவருடைய திறவுகோல் என்று படுகிறது. தட்டில் இருக்கும் சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்டவர், பதில் கிடைக்காதபோது தானே விளைவித்துப் பார்த்தார்.

திருப்பம் 2003இல் வந்தது. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை காவிரிக் கரையோரமாக ஒரு நடைபயணம் போனார். வழியில் விவசாயிகள் தங்களிடம் மிச்சமிருந்த பழைய நெல் வகைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். காட்டுயானம் உட்பட ஏழு வகை சேர்ந்தன. அவற்றைப் பெருக்கிப் பரப்பும் பொறுப்பு ஜெயராமனிடம் வந்தது. ‘நமது நெல்லைக் காப்போம்’ இயக்கத்தின் தமிழ்நாட்டு ஒருங்கிணைப்பாளராக அவர் ஊர் ஊராக அலைந்தார். ஜெயராமனின் பெயருக்கு முன்னால் ‘நெல்’லைச் சேர்த்ததும் நம்மாழ்வார்தான்.

காட்டுயானத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். ஏழடி உயரம் வளரும், யானை புகுந்தால்கூடத் தெரியாது என்பார்கள். கதிர் முற்ற ஆறு மாதம் ஆகும். வெள்ளம் வந்தாலும் தாங்கும், வறட்சி வந்தாலும் தாங்கும். உரம் கேட்காது, மருந்து கேட்காது. நட்டுவிட்டு அறுவடைக்குப் போனால் போதும் என்று டெல்டாவில் சொல்வதில் கொஞ்சம் மிகை இருக்கலாம், அதிகமில்லை. இதற்குப் பிறகு மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை, பூங்கார், குடவாழை, தூயமல்லி, இலுப்பைப்பூச் சம்பா, கவுனி என்று வரிசை நீண்டது. 2004 சுனாமியில் நாகப்பட்டினத்து வயல்களில் கடல்நீர் ஏறி மண் உப்பானபோது, களர்பாலை, குழியடிச்சான் போன்ற பழைய வகைகளின் அருமை தெரிந்தது. உப்பு மண்ணில் நிற்கும் நெல்லை நம் முன்னோர் எப்போதோ தேர்ந்து வைத்திருந்தார்கள், விதைதான் கைவசம் இல்லாமல் போயிருந்தது.

ஜெயராமன் மறைந்தபோது மீட்ட வகைகள் 174 என்று கணக்குச் சொன்னார்கள். எண்ணிக்கையைவிட முறைதான் முக்கியம்.

2006இல் திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாவைத் தொடங்கினார். வருகிற விவசாயி தன் பெயரைப் பதிந்துவிட்டு இரண்டு கிலோ விதைநெல் வாங்கிக்கொண்டு போகலாம். காசு வேண்டாம். அடுத்த வருடத் திருவிழாவுக்கு வரும்போது நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த நான்கு கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். அவ்வளவுதான் திட்டம்.

இரண்டு கிலோவை வைத்து என்ன செய்வது என்று நமக்குத் தோன்றும். ஒற்றை நாற்று முறையில் நட்டால் ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதை போதும். வழக்கமான நடவில் இருபது, முப்பது கிலோ இறைப்பார்கள். ஆக அந்தச் சின்னப் பொட்டலத்துக்குள் ஏறக்குறைய ஒரு ஏக்கர் இருந்தது. கடனைத் திருப்புவதும் பாரமில்லை, ஒரு ஏக்கர் விளைச்சலில் நான்கு கிலோ எந்த மூலைக்கு? யாரும் ஏமாற்றாமல் வருடா வருடம் இரட்டித்துக்கொண்டே போனால் இரண்டு கிலோ பத்தாவது வருடத்தில் 2,048 கிலோ ஆகிறது. எல்லாரும் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டார்கள், மழை கெடுத்திருக்கும், சிலர் சாப்பிட்டிருப்பார்கள். இருந்தும் சங்கிலி அறுந்துபோகவில்லை. வட்டிக் கடனைப் பார்த்தே வளர்ந்த டெல்டா விவசாயியிடம், பக்கத்து ஊர்க்காரனுக்குப் போய்ச் சேரும் ஒரு கடனை அவர் அறிமுகப்படுத்தினார்.

இதற்குப் பின்னால் இருந்த வேலை வெளியே தெரியாதது. விதையைப் பெட்டியில் பூட்டி வைத்தால் ஓரிரு வருடத்தில் முளைப்புத்திறன் போய்விடும். ஒவ்வொரு வகையையும் வருடா வருடம் தனித்தனிப் பாத்தியில் விதைத்து, பெயர் எழுதிய பலகை நட்டு, கதிர் வரும்போது பாத்தி பாத்தியாக நடந்து, இனத்துக்கு ஒவ்வாத கலவனைப் பிடுங்கி எறிந்து, தனியே அறுத்து, தனியே காயவைத்து, தனியே கட்ட வேண்டும். ஒரு சாக்கு மாறிப்போனாலே பத்து வருட உழைப்பு கலந்துவிடும். நூற்றுக்கு மேற்பட்ட வகைகளுக்கு இதை ஒவ்வொரு போகமும் செய்வது எப்படிப்பட்ட வேலை என்பது, கொழுந்து நிறுவையில் நின்று பழகிய நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும். இங்கே பேராதனைப் பக்கம் கன்னொறுவையில் அரசாங்கத்தின் மரபணுவள நிலையம் இருக்கிறது. அங்கே குளிரூட்டிய அறையில் ஆயிரக்கணக்கான விதை மாதிரிகள் பத்திரமாக இருக்கின்றன. அது தேவைதான். ஆனால் குளிர் அறையில் இருக்கும் சுவந்தெல்லையும் பச்சைப்பெருமாளையும் மொட்டைக்கறுப்பனையும் யாரும் சமைத்துச் சாப்பிட முடியாது. வயலிலும் வாயிலும் இருக்கிற விதைதான் உயிரோடு இருக்கிற விதை.

குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊருக்கு உழைக்கிறவர்களின் வீடு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். தொழிற்சங்கத்துக்கு அலைந்த எத்தனையோ பேர் மலையகத்திலும் பிள்ளைகளுக்கு ஒன்றும் வைக்காமல் போயிருக்கிறார்கள். ஜெயராமன் நோயில் விழுந்தபோது மருத்துவச் செலவுக்குத் தமிழக அரசும் அன்பர்களும் உதவினார்கள். நடிகர் சிவகார்த்திகேயன் மகனின் படிப்புச் செலவைத் தாம் ஏற்பதாக முன்வந்தார். அது அவருடைய பெருந்தன்மை. ஆனாலும் 174 வகை நெல்லைச் சமூகத்துக்கு மீட்டுக்கொடுத்தவரின் வீட்டுக்கு ஒரு நடிகரின் நல்ல மனசு தேவைப்பட்டதைப் பெருமையாக மட்டும் சொல்லிக்கொண்டு போக என்னால் முடியவில்லை. வேலை நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டவர்களும் உறவினர்கள்தான். அவர் போன பிறகும் நெல் திருவிழா தொடர்ந்தது. குடும்பத்துக்கு அவர் வைத்துவிட்டுப் போன சொத்து என்று சொன்னால் அந்தப் பொறுப்புத்தான்.

அவர் சாவதற்கு மூன்று வாரம் முன்னால், 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி அவருடைய மண்ணை அப்படியே புரட்டிப் போட்டது. தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. சென்னை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடிதான் அந்தச் செய்தி அவருக்குப் போயிருக்கும்.

பிறகு மரியாதைகள் வந்தன. 12ஆம் வகுப்புத் தாவரவியல் பாடநூலில் அவரைப் பற்றி எழுதினார்கள். தமிழ்நாட்டின் முதல் வேளாண் வரவுசெலவுத் திட்டத்தில், 2021இல், மரபுசார் நெல் ரகங்களைப் பாதுகாக்கும் இயக்கத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

அதே 2021இல் நம் நாட்டில் நடந்தது நினைவிருக்கும். ஏப்ரலில் முடிவெடுத்து, மே மாதம் வர்த்தமானியில் போட்டு, இரசாயன உரத்தையும் கிருமிநாசினியையும் ஒரேயடியாகத் தடைசெய்தார்கள். நாடு முழுவதும் இயற்கை விவசாயமாம். மாற்று உரம் கையில் இல்லை, விதை இல்லை, பழக்கிக் கொடுக்க ஆள் இல்லை. சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பலைக் கிருமி இருக்கிறது என்று திருப்பிவிட்டு, கடைசியில் 67 லட்சம் டொலர் கட்டவும் வேண்டியிருந்தது. நவம்பரில் தடையை வாபஸ் வாங்கினார்கள், அதற்குள் வயல் வெளிறிவிட்டது. தேயிலையும் தப்பவில்லை. 2021இல் 30 கோடி கிலோவுக்குக் கிட்ட இருந்த உற்பத்தி 2022இல் 25 கோடியளவுக்கு இறங்கியது. கொழுந்து குறைந்தால் யார் வீட்டு அடுப்பு அணையும் என்று கினிகத்தேனைச் சிறுதோட்டக்காரனுக்கும் லயத்துப் பெண்ணுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு இங்கே ‘இயற்கை விவசாயம்’ என்றாலே சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டியது அந்த உத்தரவைப் பார்த்துத்தான். ஜெயராமன் ஒருவருக்கும் உத்தரவு போடவில்லை. ஒரு விவசாயி தன் நிலத்தின் மூலையில் இரண்டு கிலோவைப் போட்டுப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் அடுத்த வருடம் கூட்டட்டும் என்று விட்டார். தோற்றால் ஒரு மூலைதான் தோற்கும். பதினைந்து வருடம் எடுத்துக்கொண்டது அந்த வேலை. அரசாங்கம் அதையே ஆறு மாதத்தில் முடிக்கப் பார்த்தது.

அவருடைய பாதையில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பழைய வகைகளுக்கு நாள் அதிகம், உயரமாக வளர்வதால் காற்றுக்குச் சாயும், விளைச்சல் புதிய ரகங்களைவிடக் குறைவு. 1950களின் கடைசியில் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் தந்த எச்-4உம் அதற்குப் பின் வந்த பிஜி ரகங்களும்தான் இந்த நாட்டின் வயிற்றைப் பெருமளவு நிரப்பின. அவற்றைத் திட்டுவது நன்றிகெட்ட வேலை. இந்த அரிசி சீனியைக் குறைக்கும், அந்த அரிசி அந்த நோயைத் தீர்க்கும் என்று பொட்டலத்தில் அச்சடித்து இரண்டு மடங்கு விலைக்கு விற்பவர்களையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. நுகர்வோர் இயக்கத்தில் வளர்ந்த ஜெயராமனுடைய வழியில் போகிறவர்கள், அந்தப் பொட்டலத்தைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

நெல்வயல் இல்லாத நமக்கு இதில் என்ன? தோட்டத் தொழிலாளி பயிரிலேயே வாழ்கிறான், ஆனால் அரசாங்கக் கணக்கில் அவன் விவசாயி இல்லை. உர மானியம் வரும்போது அவன் பெயர் பட்டியலில் இருக்காது. காணி என்று பேசினால் ஏழு பேர்ச், பத்து பேர்ச் என்று வீட்டுக்கு அளந்த கணக்கோடு பேச்சு முடிந்துவிடும். இந்த நாட்டுத் தேயிலையில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் சிறுதோட்டக்காரர்கள் தருகிறார்கள். நூற்றைம்பது வருடமாக அதே செடியை வளர்க்கிறவர்களுக்கு அந்தச் சிறுதோட்டக்காரர் என்ற இடம்கூடக் கிடைக்கவில்லை. காணியுரிமை கேட்கும் போராட்டம் தனியே நடக்க வேண்டும், நடக்கிறது. அது முடியும்வரை விதை காத்திருக்காது.

லயத்துக்குப் பின்னால் சின்னப் பாத்தி இல்லாத வீடு இங்கே அபூர்வம். அவரையும் பாவலும் பூசணியும் கொச்சிக்காயும் மரவள்ளியும் அங்கே இருக்கின்றன. கினிகத்தேனை, வட்டவளை மழையில் எதுவும் காயாது என்பதால் நம் அம்மாக்கள் விதையைச் சாம்பலில் பிரட்டி, துணியில் முடிந்து, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டார்கள். காஸ் அடுப்பு வந்த வீடுகளில் அந்த முடிச்சு போய்விட்டது. கடைப் பக்கற் விதை நல்லாய்க் காய்க்கிறது, ஆனால் அதில் பல கலப்பினம். அடுத்த போகத்துக்கு எடுத்து வைத்தால் தாயைப்போல் வராது.

கோயில், வாசிகசாலை, பாடசாலை, மாதர் சங்கம் என்று ஏதாவது ஒன்று இல்லாத தோட்டம் கிடையாது. அங்கே ஒரு கொப்பி போடுங்கள். யார் வீட்டில் என்ன நாட்டு விதை இருக்கிறது, யார் ஒரு பிடி வாங்கினார், அடுத்த போகம் இரண்டு பிடி திருப்பினாரா என்று எழுதுங்கள். வயதான பாட்டிமார் உயிரோடு இருக்கும்போதே விதையின் பெயரைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இதற்கு அமைச்சும் வேண்டாம், வர்த்தமானியும் வேண்டாம், நூறு ரூபாய்க் கொப்பி ஒன்று போதும்.