எரியுமா, எரியாதா?

பெட்ரோல் ஏற்றிச் செல்லும் டாங்கர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் பின்புறம் ‘ஹைலி இன்ஃபிளாமபிள்’ என்று பெரிய எழுத்துக்களில் எழுதியிருக்கும். அதன் பொருள் என்ன?

‘விசிபிள்’ என்றால் கண்ணுக்குத் தெரிவது; ‘இன்விசிபிள்’ என்றால் தெரியாதது. ‘கரெக்ட்’ என்றால் சரி. ‘இன்கரெக்ட்’ என்றால் தவறு. அப்படியானால், ‘ஃபிளாமபிள்’ எரியக்கூடியது, ‘இன்ஃபிளாமபிள்’ எரியாதது என்றுதானே தோன்றுகிறது? அப்படி நம்பி அருகில் தீக்குச்சி கிழித்தால் உயிருக்கே ஆபத்து! இரண்டு சொற்களுக்கும் பொருள் ஒன்றுதான்: எளிதில் தீப்பற்றக்கூடியது.

இந்த விந்தைக்குக் காரணம் இலத்தீன் மொழி. அதில் ‘இன்’ என்னும் முன்னொட்டு இரண்டு உண்டு. ஒன்று, ‘இல்லை’ என்று மறுப்பது. மற்றொன்று, ‘உள்ளே’ என்று பொருள்படுவது. ‘ஃபிளம்மா’ என்றால் சுவாலை. இரண்டாவது ‘இன்’ அதனுடன் சேர்ந்து, ‘தீ மூட்டு’ என்னும் வினைச்சொல் பிறந்தது. அதன் வழி வந்ததே இன்ஃபிளாமபிள். 1766-ல் ஹென்றி கேவண்டிஷ் ஹைட்ரஜனைப் பற்றி எழுதியபோது அதை ‘இன்ஃபிளாமபிள் ஏர்’, அதாவது எரியும் காற்று, என்றே குறிப்பிட்டார்.

இந்தக் குழப்பத்தால் விபத்து நேரக்கூடும் என்று அஞ்சி, அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் 1920-களிலேயே ‘ஃபிளாமபிள்’ என்று எழுதும்படி வற்புறுத்தியது. இன்று பன்னாட்டு அபாயச் சின்னங்களிலும் அந்தச் சொல்லே இடம்பெறுகிறது. எரியாத வாயு அடைத்த சிலிண்டரில் ‘நான்-ஃபிளாமபிள்’ என்று இருக்கும்.

சரி, லாரியில் ‘ஹைலி’ என்று சேர்த்து எழுதுவானேன்? பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அதன் ஆவிதான் காற்றோடு கலந்து எரிகிறது. பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஒரு திரவம் ஆவியைத் தரும் மிகக் குறைந்த வெப்பநிலையை அதன் ‘ஃபிளாஷ் பாயின்ட்’ என்பர். மண்ணெண்ணெய்க்கு இது 35 டிகிரி செல்சியஸுக்கு மேல். பெட்ரோலுக்கோ சுழிக்குக் கீழே சுமார் 40 டிகிரி! ஆகவே உறைபனியிலும் அது தீப்பற்றும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவித் தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டிவிடும். பெட்ரோலை இறக்கிய பின்னும் டாங்கருக்குள் ஆவி தங்கியிருக்கும். எனவே, காலி லாரிதானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

சொல்லின் பொருளை நினைவில் வைக்க எளிய வழி ஒன்று உண்டு. உடலில் ஓரிடம் சிவந்து, வீங்கி, எரிச்சல் தருவதை மருத்துவர்கள் ‘இன்ஃபிளமேஷன்’ என்பார்கள். தமிழில் அது அழற்சி. அழல் என்றால் நெருப்பு அல்லவா? ‘இன்ஃபிளாம’ என்று தொடங்கும் சொல்லைக் கண்டால், மாணவர்களே, அழலை நினையுங்கள், விலகி நில்லுங்கள்!