தறிக்குழியும் முதுகுத்தண்டும்

குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்பவருக்குச் சாய்ந்துகொள்ள ஏதும் இல்லை. கால்கள் குழிக்குள் மிதியை மிதிக்கின்றன. கைகள் நாடாவை எறிந்து பலகையை இழுத்தடிக்கின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே உடலைத் தாங்கி நிற்பவை வயிறும் இடுப்பும் முதுகுமே. கோர்வைச் சேலையாயின், கரைக்கென உடன் அமர்பவரின் நிலையும் இதுவே. இடுப்பு வலியால் தறி நின்றால் கூலியும் நின்றுவிடுமாதலால், நடுவுடலின் தசைகளைப் பற்றிச் சில செய்திகளை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

வயிற்றில் வெளியே தெரியும் தசைகளுக்கு அடியில், அரைக்கச்சை போல இடுப்பைச் சுற்றி வளைக்கும் குறுக்குத் தசை ஒன்று உண்டு. பின்புறம் முள்ளெலும்புகளைப் பிணைக்கும் குறுந்தசைகள் உள்ளன. மேலே உதரவிதானமும் கீழே இடுப்புத் தளத் தசைகளும் அமைந்துள்ளன. இவை ஒருங்கே இறுகும்பொழுது முதுகுத்தண்டு நிலைபெறுகிறது. வைகாசிக் கருட சேவையில் வரதராஜப் பெருமாளைச் சுமந்து வருவோரைக் காணும் நாம் அவர்களுடைய தோள்களையே வியக்கிறோம்; நடுவுடல் தளர்ந்தால் அத்தோள்களால் ஆவது ஒன்றுமில்லை.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் ஆகிய இருவரும் 1996இல் வெளியிட்ட ஆராய்ச்சி நெசவாளருக்கு மிகவும் பொருந்துவது. நலமாயிருப்பவர் கையை உயர்த்துமுன்பே அந்தக் குறுக்குத் தசை இறுகிவிடுகிறது. முதுகுவலி உற்றவரிடமோ அது தாமதமாகிறது. நாடா எறியும் கைக்கு முன்னதாக வயிறு ஆயத்தமாக வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் கொள்ளும் பொருள்.

நாளெல்லாம் தறியில் உழைப்பவருக்குத் தனியே தேகப்பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் முற்றிலும் குனிந்த நிலையில் முதுகுத் தசைகளின் மின்னியக்கம் அடங்கிவிடுவதை இங்கிலாந்தில் ஃபிளாய்ட், சில்வர் என்போர் 1955லேயே காட்டினர். அப்பொழுது பாரத்தைத் தாங்குவன எலும்புகளை இணைக்கும் நார்களே. கூன் போட்டு நெய்பவருக்கும், குனிந்து களையெடுக்கும் விவசாயிக்கும் உழைப்பு மிகுதி; முதுகுத் தசைக்குப் பயிற்சியோ குறைவு.

நலமுள்ளவர்கள் சில வாரங்கள் முறையாகப் பயின்றால், நடுவுடலை அசையாமல் பிடித்து நிறுத்தும் நேரம் நீளுகிறது. தசை பருக்குமா என்பது அவ்வளவு நிச்சயமன்று. தொந்தி கரையும் என்று விளம்பரம் செய்வோரை நம்பவேண்டியதில்லை. முதுகுவலிக்கு ஏனைய தேகப்பயிற்சிகளைவிட இதுவே மேல் என்பதும் நிலைநாட்டப்படவில்லை.

கானடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைத்தவற்றுள் இரண்டு எளியன. கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, வலக்கையை முன்னும் இடக்காலைப் பின்னும் நீட்டிப் பிடித்து, பிறகு மாற்றிச் செய்வது ஒன்று. ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்துவது மற்றொன்று. ஒவ்வொரு பிடிக்கும் பத்து விநாடி போதும், மூச்சை அடக்கலாகாது. இரவில் முள்ளெலும்புகளுக்கிடையே உள்ள வட்டுகள் நீரேற்றுப் பருத்திருப்பதால், விழித்தவுடன் ஆழக் குனியும் பயிற்சிகளைத் தவிர்ப்பது நலம். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்தாலோ, பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுவதே முறை.