திராட்சை மதுவின் சுவையுரைகளில் உருவகம்

முன்னுரை

உருவகம் செய்யுளுக்குரிய அணி என்ற அளவிலேயே நம் வகுப்பறைகளில் பெரிதும் கற்பிக்கப்படுகிறது. அது மனிதச் சிந்தனையின் இயல்பான வழியே என்பதை லேக்காஃப், ஜான்சன் ஆகிய இருவரும் 1980இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். இக்கருத்துக்குத் தக்க சான்றாகத் திராட்சை மதுவின் சுவையுரைகளைக் கொள்ளலாம். மணத்திற்கெனத் தனிச்சொற்கள் ஆங்கிலத்தில் மிகக் குறைவு. ஆதலின் மதிப்புரைஞர் பிற துறைச் சொற்களைக் கடன் பெறுகின்றனர்.

ஒரு நிகழ்வு, மூன்று பார்வை

ஆங்கில மதிப்புரைகளில் மது ஓர் ஆளாகவே உலவுகிறது. அதற்கு உடலும் மூக்கும் உண்டு. இளமையில் முரடாக இருந்து, வயது ஏறப் பக்குவம் எய்துகிறது. பிரெஞ்சு மொழியில் அதன் நிறம் 'ஆடை' எனப்படும். கிண்ணத்தைச் சுழற்றியபின் உட்சுவரில் வழியும் துளிகளை ஆங்கிலேயர் 'கால்கள்' என்பர். பிரெஞ்சுக்காரர் 'கண்ணீர்' என்பர். ஜெர்மானியரோ அவ்வளைவுகளில் 'தேவாலயச் சாளரங்களை'க் காண்பர். ஆல்கஹால் ஆவியாவதால் பரப்பு இழுவிசை வேறுபடுவதே இதன் காரணம் என ஜேம்ஸ் தாம்சன் 1855இல் விளக்கினார். நிகழ்வு ஒன்றே, அதனைக் காணும் பண்பாடுகளே வேறு.

இச்சொற்கள் நாவின் அனுபவத்தை மட்டும் உரைப்பனவும் அல்ல. பிரான்சில் நிகழ்ந்து 2001இல் வெளியான ஆய்வொன்றில், வெண்மதுவில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து 54 மாணவர்க்கு அளித்தனர். அவர்கள் அதன் மணத்தைச் செம்மதுவுக்குரிய சொற்களாலேயே வருணித்தனர். கண் கண்டதையே சொல் பின்பற்றியது எனலாம்.

மொழிபெயர்ப்பும் தமிழ் மரபும்

நியூசிலாந்தின் சோவிஞோன் பிளாங்க் மதுவில் 'கூஸ்பெரி' மணம் கமழ்வதாக எழுதுவது வழக்கம். அகராதியை நம்பி இதனை 'நெல்லிக்காய்' எனப் பெயர்த்தால் பொருள் பிறழும். இரண்டும் வெவ்வேறு குடும்பத்துத் தாவரங்கள். நெல்லியின் துவர்ப்பை மதிப்புரைஞர் கருதவில்லை.

நம் மரபின் நோக்கோ வேறு. புறநானூற்றின் 392ஆம் பாடல் நாட்பட்ட தேறலின் கடுமைக்குத் தேள் கொட்டுவதை உவமையாக்குகிறது. ஐரோப்பிய மதிப்புரை மதுவின் உருவையும் குணத்தையும் வருணிக்க, இவ்வுவமை அருந்துவோன் உணரும் உறைப்பை முன்னிறுத்துவது நோக்கத்தக்கது.

முடிவுரை

உருவகத்தைப் பெயர்ப்பவர் சொல்லுக்குச் சொல் தேடுவது போதாது. அது எப்பண்பை ஒப்பிடுகிறது என முதலில் அறிதல் வேண்டும். இதனை மாணவர்க்கு உணர்த்த மது தேவையில்லை. டுரியானின் மணத்தை, அதனை ஒருபோதும் நுகராத ஒருவருக்குத் தமிழில் எழுதி விளக்கச் சொன்னால் போதும். உருவகமின்றி அவர்களால் ஒரு வரியும் நகர இயலாது என்பதை அவர்களே கண்டுகொள்வர்.