பவளமும் பாசியும்

கெடார்ப் பக்கத்தில் மணிலாச் செடியைப் பிடுங்கிப் பார்த்திராத குடும்பம் அரிது. அதன் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தருகின்றன. செடி அவற்றிற்கு உணவளிக்கின்றது. இத்தகைய உறவு மன்னார் வளைகுடாவின் கடலடியிலும் உண்டு.

பவளம் வெறுங் கல்லன்று, உயிர். அதன் தசைக்குள் கண்ணுக்குப் புலப்படாத பாசி வாழ்கின்றது. கதிரவனொளியில் பாசி ஆக்கும் உணவின் பெரும்பகுதி பவளத்தையே சேர்கின்றது. பவளம் அதற்கு உறைவிடமும் கரியமில வாயுவும் ஈகின்றது. கடல்நீர் அளவுமீறிச் சூடேறினாலோ இவ்வுறவு முறிந்து, பாசி வெளியேற, பவளம் வெளிறிவிடும். வெப்பம் விரைவில் தணிந்தால் மீளும். நீடித்தால் பட்டினியால் மடியும். 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கே அது நிகழ்ந்தது.

ஆயினும் வெப்பத்தை மட்டும் குறை கூறுவது முறையன்று. சுண்ணாம்புக்கெனப் பவளப்பாறைகளை நாமே வெட்டியெடுத்தோம். அலையைத் தடுக்கும் அரண் சிதைந்ததால், 21 தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கின. மீன்குஞ்சுகள் ஒதுங்கும் இடமும் குறைந்தது. கரையோரக் குடும்பங்களின் உலை அதை நம்பியதன்றோ!

தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல் உயிர்ப்பவளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் பொருத்திக் கடலடியில் வளர்த்து வருகின்றனர். ஏறத்தாழ நாற்று நடவுதான். கலங்கிய நீரில் பாசிக்கு ஒளி எட்டாதாகையால், இடந்தேர்வதே பாதி வேலை. கடல் மீண்டும் கொதித்தால், நட்ட பவளமும் வெளிறும்.